கட்டத்துக்குள் நிற்காத பெயர்கள்

பூந்தமல்லியிலிருந்து ஆவடிக்குப் போகும் நெடுஞ்சாலையில், ஆவடிக்குச் சற்று முன்னால் வருகிறது பருத்திப்பட்டு. பெரிய ஏரி, அதையொட்டி நடைபாதை, சுற்றிலும் அடுக்குமாடிகளும் தனி வீடுகளும். இங்கே குடியிருக்கும் ஒருவர் இணையத்தில் விண்ணப்பம் ஒன்றை நிரப்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவருடைய பின்கோடு 600 என்று தொடங்கும். அஞ்சல் துறைக்கு அவர் சென்னைவாசி. வருவாய்த் துறையைக் கேட்டால் திருவள்ளூர் மாவட்டம். வீட்டு வரி கட்டுவது 2019-இல் உருவான ஆவடி மாநகராட்சிக்கு. புகார் கொடுக்கப் போனால் 2022-இல் தொடங்கிய ஆவடி காவல் ஆணையரகம். நான்கும் ஒரே நேரத்தில் உண்மை.

‘பின்கோடு 600-இல் தொடங்கினால் மாவட்டம் சென்னை’ என்று நிரலில் ஒரு வரி எழுத அரை நிமிடம் போதும். நிரப்புகிறவருக்கு ஒரு கட்டம் மிச்சமாகட்டுமே என்ற நல்ல எண்ணத்தில்தான் அதை எழுதுவார்கள். ஆனால் அந்த வரி ஓடத் தொடங்கியதும் மாவட்டம் என்ற இடத்தில் சென்னை தானாக வந்து உட்கார்ந்துவிடும். மாற்ற முடியாதபடி சாம்பல் நிறமாகிவிடும். அடுத்த கட்டத்தில் சென்னையின் வட்டங்கள் மட்டும் வரிசையாக இறங்கும். ஆவடி அதில் இருக்காது. பக்கத்து அம்பத்தூரின் நிலை இன்னும் சிக்கல். 2018 தொடக்கத்தில் சென்னை மாவட்டத்தை விரிவாக்கியபோது அம்பத்தூர் வட்டம் திருவள்ளூரிலிருந்து சென்னைக்கு மாறியது, பின்கோடு மாறவில்லை. கடிதங்களைப் பிரித்து அனுப்புவதற்காக 1972 ஆகஸ்ட் 15-இல் கொண்டுவந்த எண் அது. மாவட்ட எல்லையைச் சொல்லும் வேலையை யாரும் அதற்குக் கொடுக்கவில்லை.

நாம் தட்டச்சு செய்வதை ஏற்கலாமா, திருப்பி அனுப்பலாமா என்று கணினி முடிவுசெய்யும் இந்த வேலையைத்தான் நிரலாளர்கள் ‘வேலிடேஷன்’ என்கிறார்கள். தமிழில் சரிபார்ப்பு என்போம். ரேஷன் கார்டு, வேலைக்கான விண்ணப்பம், வங்கிக் கணக்கு, மின் இணைப்பு என்று எல்லாமே இணையப் படிவத்தின் வழியே நடக்கும் காலத்தில், அந்தச் சில வரி நிரல் ஓர் அரசு அலுவலரின் அதிகாரத்தோடு உட்கார்ந்திருக்கிறது. அதனால் அது எப்படி வேலை செய்கிறது என்பதைப் பொதுமக்களும் தெரிந்துகொள்வது நல்லது.

இணையப் படிவம் முறையான தரமாக வந்தது 1995-இல், எச்டிஎம்எல் 2.0 மூலம். தோற்றம் எவ்வளவோ மாறிவிட்டது. அடிப்படை அப்படியே இருக்கிறது. ‘சமர்ப்பி’ பொத்தானை அழுத்தியதும் ஒவ்வொரு கட்டத்தின் பெயரும், அதில் நாம் எழுதியதும் ஜோடி ஜோடியாகச் சர்வருக்குப் போகின்றன. போகிறவை எல்லாம் வெறும் எழுத்துச் சரங்கள்தான். வயது 38 என்று எழுதினால், 3, 8 என்ற இரண்டு குறிகள் போய்ச் சேரும். அதை எண்ணாக மாற்றுவதும், 380 என்று இருந்தால் சந்தேகப்படுவதும் சர்வரில் இருக்கும் நிரலின் பொறுப்பு.

சரிபார்ப்பு இரண்டு இடத்தில் நடக்கும். முதலாவது நம் போனிலோ கணினியிலோ உள்ள பிரவுசரில். மொபைல் எண்ணில் ஓர் இலக்கம் குறைந்தால் உடனே சிவப்புக் கோடு காட்டுவது இதுதான். ஜாவாஸ்கிரிப்ட் 1995-இல் பிறந்தபோது அதற்குக் கிடைத்த முதல் வேலைகளில் இதுவும் ஒன்று. ஆனால் பிரவுசர் நம் கையில் இருக்கிறது. அதில் ஓடும் சோதனையை நிறுத்திவிட்டு எதை வேண்டுமானாலும் சர்வருக்கு அனுப்ப விஷயம் தெரிந்த எவராலும் முடியும். ஆகவே பிரவுசரில் செய்த ஒவ்வொரு சோதனையையும் சர்வரில் திரும்பச் செய்தே ஆக வேண்டும். முதலாவது நிரப்புகிறவரின் வசதிக்கு, இரண்டாவது பாதுகாப்புக்கு. இதில் சமரசத்துக்கு இடமில்லை.

பாதுகாப்பு என்று சொல்லும்போது ஒரு பெயரை நினைத்துப் பார்க்கலாம். தூத்துக்குடிக் கடற்கரையில் டி'குரூஸ் என்ற குடும்பப் பெயர் உண்டு. நடுவில் ஒற்றை மேற்கோள் குறி. தரவுத்தளத்தோடு பேசும் எஸ்க்யூஎல் மொழியில் அதே குறிக்கு ‘எழுத்துச்சரம் இங்கே முடிகிறது’ என்று பொருள். கட்டத்தில் எழுதியதை அப்படியே கட்டளைக்குள் ஒட்டும் நிரலுக்கு, இந்தப் பெயர் வந்ததும் குழப்பம். குறிக்குப் பிறகு வருவதைக் கட்டளையாக எடுத்துக்கொள்ளும். திருடர்கள் அந்த இடத்தில் தங்கள் கட்டளையை எழுதிவிடலாம் என்பதை 1998-இல் ஜெஃப் ஃபாரிஸ்டல் என்ற பாதுகாப்பு ஆய்வாளர் பகிரங்கமாக எழுதிக் காட்டினார். பல நிரலாளர்கள் இதற்குக் கண்டுபிடித்த மருந்து, பெயரில் மேற்கோள் குறிக்குத் தடை. திருடனுக்குப் பயந்து, அந்தக் குடும்பம் தலைமுறைகளாக வைத்திருக்கும் பெயரை மறுப்பது இது. சரியான மருந்து வேறு: கட்டளையைத் தனியாகவும் தரவைத் தனியாகவும் அனுப்புவது. அப்படி அனுப்பினால் கட்டத்தில் என்ன எழுதியிருந்தாலும் தரவுத்தளம் அதைப் பெயராக மட்டுமே பார்க்கும். இன்று புழக்கத்தில் உள்ள நிரல் மொழிகள் எல்லாவற்றிலும் இந்த வசதி இருக்கிறது.

கறாராகச் சோதிக்க வேண்டிய தரவும் உண்டு. சோதிப்பதற்கென்றே நாம் உருவாக்கிய எண்கள் அவை. ஆதார் எண் அதற்கு அழகான எடுத்துக்காட்டு. 12 இலக்கம், முதல் இலக்கம் 0 அல்லது 1 ஆக இராது. கடைசி இலக்கம் முதல் 11 இலக்கங்களிலிருந்து கணக்கிட்டு வைத்தது. அந்தக் கணக்கைத் தந்தவர் நெதர்லாந்துக் கணிதவியலாளர் யாகோபஸ் வெர்ஹோஃப், ஆண்டு 1969. எண்களை எழுதும்போது மனிதக் கை எப்படியெல்லாம் தவறுகிறது என்பதை அவர் டச்சு அஞ்சல் துறையின் தரவை வைத்து எண்ணிப் பார்த்தார். சுமார் 79 சதவீதப் பிழைகள் ஒரே ஓர் இலக்கத்தை மாற்றி எழுதியவை. சுமார் 10 சதவீதம், பக்கத்துப் பக்கத்து இலக்கங்கள் இடம் மாறியவை: 38 என்பதற்கு 83.

முதல் வகையைப் பிடிப்பது சுலபம். இரண்டாவது வகைதான் தண்ணி காட்டும். 3-ஐயும் 8-ஐயும் எந்த வரிசையில் கூட்டினாலும் 11 என்பதால், இலக்கங்களைக் கூட்டிச் சோதித்தால் இடம் மாறியது தெரியவே தெரியாது. வெர்ஹோஃப் கூட்டலை விட்டுவிட்டு ஐங்கோணத்திடம் போனார். ஒழுங்கான ஐங்கோண வடிவ அட்டை ஒன்றை, அது முன்பிருந்த இடத்திலேயே பொருந்தும்படி, சும்மா விடுவதையும் சேர்த்து ஐந்து விதமாகச் சுழற்றலாம். ஐந்து விதமாகப் புரட்டலாம். மொத்தம் பத்து அசைவுகள்; இலக்கங்களும் பத்து. ஒவ்வோர் இலக்கத்துக்கும் ஓர் அசைவைக் கொடுத்தார். இலக்கங்களைக் கூட்டுவதற்குப் பதிலாக அசைவுகளை ஒன்றன்பின் ஒன்றாகச் செய்யச் சொன்னார். சுழற்றிவிட்டுப் புரட்டினால் கிடைக்கும் நிலை வேறு, புரட்டிவிட்டுச் சுழற்றினால் கிடைக்கும் நிலை வேறு. வரிசை மாறினால் விடை மாறுகிறது! இரண்டு சுழற்சிகள் மட்டும் அடுத்தடுத்து வந்தால் வரிசை தெரியாமல் போகும் என்பதால், இலக்கம் நிற்கும் இடத்துக்கு ஏற்ப அதை முதலில் மாற்றிப்போடும் அட்டவணை ஒன்றையும் சேர்த்தார். இதன் பலனாக ஒற்றை இலக்கப் பிழைகள் அனைத்தும், பக்கத்து இலக்கங்கள் இடம் மாறிய பிழைகள் அனைத்தும் ஒன்றுவிடாமல் சிக்கும். கிரெடிட் கார்டு எண்களில் இருப்பது ஐபிஎம்மின் ஹான்ஸ் பீட்டர் லூன் 1954-இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்த எளிய கணக்கு. 09 என்பது 90 ஆனால் அதற்குத் தெரியாது.

வெர்ஹோஃபின் கணக்கைப் பிரவுசரே செய்துவிடலாம். ஆதார் ஆணையத்தின் சர்வரைக் கேட்க வேண்டியதில்லை, எண் எங்கும் பயணப்பட வேண்டியதில்லை. ஆனால் இது சொல்லும் செய்தி ஒன்றே ஒன்று: ‘இந்த எண்ணை எழுதிய கை அநேகமாகத் தவறவில்லை.’ மனம்போனபடி 12 இலக்கங்களை எழுதினாலும், பத்தில் ஒன்று என்ற கணக்கில் கடைசி இலக்கம் பொருந்திவிடும். அந்த எண் யாருக்காவது வழங்கியதுதானா என்பதோ, எதிரில் இருப்பவருடையதுதானா என்பதோ வேறு கேள்விகள்.

இந்த வேறுபாட்டைத் தமிழ்நாடு பெரிய அளவில் கண்டது 2023-இல். கலைஞர் மகளிர் உரிமைத் தொகைக்கு வந்த விண்ணப்பங்கள் சுமார் 1 கோடியே 63 லட்சம். தேர்வானவர்கள் சுமார் 1 கோடியே 6 லட்சம் பேர். தொகை வங்கிக் கணக்கில் சேர வேண்டும் என்றால் வங்கிக் கிளையின் ஐஎஃப்எஸ்சி குறியீடும் கணக்கு எண்ணும் சரியாக இருக்க வேண்டும். ஐஎஃப்எஸ்சி குறியீட்டில் 11 இடங்கள். முதல் நான்கு வங்கியின் எழுத்துகள், ஐந்தாவது எப்போதும் பூஜ்யம், மீதி கிளை. இந்த வடிவத்தைக் கணினி நொடியில் சோதித்துவிடும். பூஜ்யம் இருக்க வேண்டிய இடத்தில் ஆங்கில ‘ஓ’ என்று எழுதியிருந்தால் அதைத் தானாகவே திருத்திக்கொள்வதுதான் நல்ல நிரல். அந்த இடத்தில் வேறு எதுவும் வர வாய்ப்பே இல்லையே. கணக்கு எண்ணோ வங்கிக்கு வங்கி நீளம் மாறுவது, எல்லா வங்கிக்கும் பொதுவான சோதனை இலக்கம் இல்லாதது. அதை எப்படிச் சரிபார்ப்பது? செப்டம்பர் 15-இல் திட்டம் தொடங்குவதற்கு முன், பயனாளிகளின் கணக்குக்கு 1 ரூபாய் அனுப்பிப் பார்த்தார்கள். போய்ச் சேர்ந்தால் கணக்கு இருக்கிறது. என் பார்வையில் நம் காலத்தின் மிக நேர்மையான சரிபார்ப்பு அது. எந்தச் சூத்திரத்தாலும் சொல்ல முடியாததை உலகத்திடமே கேட்டுத் தெரிந்துகொண்டார்கள்.

நெஃப்ட், ஆர்டிஜிஎஸ் வழியே பணம் அனுப்புகிறவர்கள் கணக்கு யாருடையது என்று முன்கூட்டியே சரிபார்க்கும் வசதி வெகுகாலம் இல்லாமல்தான் இருந்தார்கள். பெயரையும் எழுதச் சொல்வார்கள். பணம் சேர்வது கணக்கு எண்ணை மட்டும் பார்த்து. கணக்குக்கு உரியவரின் பெயரை அனுப்பும் முன்பே காட்ட வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2024 டிசம்பரில் சொன்னது. வங்கிகளுக்குத் தந்த கெடு 2025 ஏப்ரல் 1.

பெயர் என்று வரும்போது தமிழர்களுக்கு நிறையச் சொல்ல இருக்கிறது.

சர் சி.வி. ராமன் 1930-இல் நோபல் பரிசு பெற்றார். அவருடைய அண்ணன் சி. சுப்பிரமணிய அய்யரின் மகன் எஸ். சந்திரசேகர் 1983-இல் பெற்றார். ‘சி’ என்பது சந்திரசேகரன் என்ற தந்தையின் பெயர். ‘எஸ்’ என்பது சுப்பிரமணியன் என்ற தந்தையின் பெயர். ராமன், சந்திரசேகர் என்று உலகம் குடும்பப் பெயர்போலச் சொல்பவை அவர்கள் இருவருக்கும் இடப்பட்ட சொந்தப் பெயர்களிலிருந்து வந்தவை. ‘சர்நேம்’ கட்டத்தை வைத்துத் தேடும் எந்தக் கணினியும் இவர்கள் சித்தப்பாவும் அண்ணன் மகனும் என்று கண்டுபிடிக்காது. குடும்பப் பெயர் என்ற ஒன்றே இல்லாமல் தந்தை பெயரின் முதலெழுத்தோடு வாழ்கிற சமூகம் நம்முடையது. இதில் குறை ஒன்றும் இல்லை. ஆனால் இணையப் படிவங்களில் ‘கடைசிப் பெயர்’ கட்டத்துக்குப் பக்கத்தில் சிவப்பு நட்சத்திரம் இருக்கிறது. நிரப்பாமல் மேலே போக முடியாது.

நிரப்பியாக வேண்டுமே என்று ஒருவர் இனிஷியலை மட்டும் போடுவார், ஒருவர் அப்பா பெயரை முழுதாக எழுதுவார், ஒருவர் தன் பெயரையே இரண்டாம் முறை எழுதுவார், இன்னொருவர் புள்ளி ஒன்றை வைத்துவிட்டுப் போவார். பான் கார்டு விண்ணப்பத்தில் இனிஷியலாகச் சுருக்கக் கூடாது. ஒற்றைப் பெயர் உள்ளவர் அதைக் கடைசிப் பெயர் கட்டத்தில் எழுத வேண்டும். பான் எண்ணின் ஐந்தாவது எழுத்து அந்தக் கட்டத்திலிருந்துதான் வருகிறது. ஆகவே அப்பா பெயரை அங்கே எழுதிய மகளின் பான் எண்ணில் அப்பாவின் முதலெழுத்து நிற்கும். ஆதாரிலோ அவர் இனிஷியலோடு இருப்பார். பான் எண்ணையும் ஆதாரையும் இணைக்கச் சொன்னபோது, இரண்டிலும் பெயர் பொருந்தவில்லை என்று திரும்பியவர்களின் சிக்கல் இங்கேதான் தொடங்கியது. ஒரே மனிதர், எந்த ஆவணத்திலும் பொய் சொல்லவில்லை. ஒவ்வொரு படிவமும் ஒவ்வொரு விதமாக அவரை உடைத்து எழுதச் சொன்னது, அவ்வளவுதான்.

2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம், பாஸ்போர்ட்டில் ஒற்றைச் சொல் பெயர் மட்டும் உள்ளவர்களைச் சுற்றுலா, விசிட் விசாக்களில் அனுமதிக்க முடியாது என்றது. பாஸ்போர்ட்டின் பின்பக்கத்தில் தந்தை பெயர் இருந்தால் போதும் என்று விரைவிலேயே தளர்த்தினார்கள். தளர்த்த முடிந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். தேவையான தகவல் ஏற்கெனவே அதே பாஸ்போர்ட்டில் இருந்தது; வேறு கட்டத்தில் இருந்தது. உலகளாவிய இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பின் வழிகாட்டல், முடிந்தவரை முழுப் பெயருக்கு ஒரே கட்டம் வைக்கச் சொல்கிறது. எப்படி அழைக்க வேண்டும் என்று தெரிய வேண்டுமானால் அதை இன்னொரு கட்டத்தில் கேட்டுவிடலாம். இதை ஏற்றுக்கொள்ள நிரலாளருக்குக் கூடுதல் உழைப்பே இல்லை, ஒரு கட்டம் குறைகிறது.

பெயரைத் தமிழிலேயே எழுதினால் புதிதாக ஒரு சுவர். பெயரில் எண்களோ குறிகளோ வரக் கூடாது என்று ‘எழுத்துகள் மட்டும்’ என்ற விதியை வைத்திருப்பார்கள். யூனிகோட் அட்டவணையில் க, ச, த ஆகியவை எழுத்துகள். புள்ளியும், கால், கொம்பு, சுழி எல்லாமும் ‘சேர்குறி’ என்ற வேறு வகை. ஆகவே அந்த விதி புள்ளி வைத்த பெயரை உதறிவிடும். பைத்தான் மொழியில் ‘இதில் இருப்பவை எல்லாம் எழுத்துதானா’ என்று கேட்கும் வசதி உண்டு. அதனிடம் ‘தமிழ்’ என்ற சொல்லைக் கொடுத்தால் ‘இல்லை’ என்று பதில் வரும். சேர்குறிகளையும் ஏற்றுக்கொள் என்று விதியில் சில எழுத்துகளைக் கூட்டினால் தீர்ந்தது. ஆனால் தமிழில் ஒருமுறையாவது சோதித்துப் பார்த்தவருக்குத்தான் அது தோன்றும்.

நீளமும் அப்படியே. பருத்திப்பட்டு என்பதில் நமக்கு எட்டு எழுத்துகள். யூனிகோட் கணக்கில் 14 குறிகள். யூடிஎஃப்-8 முறையில் சேமித்தால் 42 பைட். இருபது எழுத்து போதும் என்று எண்ணி இருபது பைட் ஒதுக்கினால் ‘பருத்தி’ என்பதுகூட அதில் முழுதாக அடங்காது. அதற்கு 21 வேண்டும். ‘கோ’ என்பதையும் இரண்டு விதமாக எழுதலாம்: ஓகாரக் குறியை ஒரே குறியாக இடலாம், அல்லது இரட்டைக் கொம்பையும் காலையும் தனித்தனியாக இடலாம். திரையில் இரண்டும் அச்சாக ஒன்றே. கணினிக்கு இரண்டும் வேறு வேறு. ஓரிடத்தில் ஒரு விதமாகவும் இன்னோரிடத்தில் மறு விதமாகவும் பதிந்த ‘கோமதி’யைத் தேடினால் கிடைக்க மாட்டார். சேமிக்கும் முன்பே இரண்டையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவரும் முறை யூனிகோட் தரத்திலேயே இருக்கிறது. பெரும்பாலான நிரல் மொழிகளில் அது ஒற்றை வரி.

நம் அரசு அமைப்புகளில் நன்றாக யோசித்துச் செய்தவையும் உண்டு. பிறந்த தேதி சரியாகத் தெரியாத பெரியவர்கள் நம்மிடையே எத்தனையோ பேர். பள்ளியில் சேர்ப்பதற்காக ஆசிரியர் எழுதிவைத்த தேதியே பலருக்குப் பிறந்த நாளாகிவிட்டது. ஆதார் பதிவில் தேதியோடு, அது ஆவணத்தால் உறுதியானதா, அவரே சொன்னதா, தோராயமானதா என்பதையும் குறித்துக்கொள்கிறார்கள். தோராயம் என்றால் ஆண்டு மட்டும் அச்சாகும். தெரியாததைத் தெரியாது என்று எழுத இடம் கொடுத்த படிவம் அது. இந்தக் கட்டம் இல்லாத இடங்களில் மக்கள் ஜனவரி 1 என்று எழுதிவிட்டுப் போகிறார்கள். தரவுத்தளமும் அதை உண்மை என்று நம்பிக்கொள்கிறது.

புகைப்படத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். டிஎன்பிஎஸ்சி விண்ணப்பத்தில் படம் 20 முதல் 50 கேபி, கையெழுத்து 10 முதல் 20 கேபி இருக்க வேண்டும். இன்றைய போன் எடுக்கும் படம் அதைப்போல் பல மடங்கு. படத்தைச் சுருக்கித் தருவதற்காகவே பிள்ளைகள் ஜெராக்ஸ் கடைக்கும் பிரவுசிங் சென்டருக்கும் போய்க் காசு கொடுக்கிறார்கள். எவ்வளவு பெரிய படம் வந்தாலும் வேண்டிய அளவுக்குச் சுருக்கிக்கொள்வது கணினிக்கு அரை நொடி வேலை. கணினி செய்ய வேண்டியதை மனிதர் தலையில் கட்டிவிட்டு, செய்யத் தெரியாதவரைத் திருப்பி அனுப்புவதைச் சரிபார்ப்பு என்று என்னால் ஏற்க முடியவில்லை.

இதிலெல்லாம் எனக்குப் பெரிதாகப் படுவது, யாரைத் திருப்பி அனுப்பினோம் என்பதற்குத் தடயமே இல்லாததுதான். நிரப்ப முடியாமல் போனை அணைத்துவிட்டுப் போனவர் தரவுத்தளத்தில் ஒரு வரியாகக்கூட இருக்க மாட்டார். ஏற்றுக்கொண்டவை மட்டுமே அங்கே இருக்கும். அதைப் பார்க்கும் அலுவலருக்கு எல்லாம் ஒழுங்காக நடப்பதாகவே தோன்றும். மகளிர் உரிமைத் தொகையில் தேர்வாகாதவர்களுக்குக் காரணம் குறுஞ்செய்தியாகப் போனது. 30 நாளுக்குள் இ-சேவை மையம் வழியாகக் கோட்டாட்சியரிடம் மேல்முறையீடு செய்ய இடம் இருந்தது. படிவத்தின் சிவப்பு எழுத்துக்கு மேல்முறையீடு எங்கே இருக்கிறது?

வைக்க முடியும். பெயருக்கும் முகவரிக்கும் பக்கத்தில் ‘நான் எழுதியது சரிதான்’ என்று ஒரு தேர்வு இருந்தால் போதும். அதைத் தொட்டவரின் விண்ணப்பம் நிற்காமல் உள்ளே போகும். தரவுத்தளத்தில் கூடுதலாக ஒரே ஒரு பத்தி, ‘மனிதர் பார்க்கவும்’ என்ற குறியோடு. எந்த விதி எத்தனை முறை ஆட்களைத் தடுத்தது என்ற எண்ணிக்கையையும், யார் என்ன எழுதினார்கள் என்பதைச் சேமிக்காமலே, சர்வரில் குறித்து வைக்கலாம். மாதம் ஒருமுறை அந்த எண்ணிக்கையைப் பார்க்கிற அலுவலகத்துக்கு, 600-இல் தொடங்கும் பின்கோடு உள்ளவர்கள் ஏன் மாவட்டத்தை மாற்ற முயன்று தோற்கிறார்கள் என்பது முதல் மாதமே தெரிந்துவிடும்.